கம்பளிப்புழுக்களுக்கு இலை போட்ட ஊர்

சத்தியம். மாரியம்மன் மேல் சத்தியம், அவள் வாசலில் நட்டிருக்கிற சூலத்தின் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற பற்களின் மேல் சத்தியம், சாம்பார் வாளி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன இந்த வலது கையின் மேல் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இனி நான் போகிற கல்யாணங்களில் எல்லாம் என் இலைக்கு முன்னால் வரும்போது பாயசம் தீர்ந்துபோகட்டும். இதைவிடப் பெரிய சாபம் எனக்குத் தெரியாது. போன தடவை ஏரியில் ஆமை பாடியது என்று சொன்னேனே, அது வேறு. ஆமை பேசியது நிஜம், பாடியது மட்டும்தான் நான் சேர்த்தது. இதில் அப்படிச் சேர்த்தது எதுவும் கிடையாது.

நெல்லித்தாங்கலில் ஊர்ப் பொது அண்டா ஒன்று உண்டு. மாரியம்மன் கோயில் மடப்பள்ளியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், உள்ளே இறங்கி நின்றால் ஒரு ஆள் தலை மட்டும் வெளியே தெரியும். கல்யாணமோ காதுகுத்தோ காரியமோ கூழ் ஊற்றுவதோ, ஊருக்கு எது பொங்கினாலும் அதில்தான் பொங்க வேண்டும். மடப்பள்ளிச் சாவி என் இடுப்பில் இருந்தது, ஏனென்றால் அந்த ஊர்ப் பந்திகளில் வாளி தூக்குகிறவன் நான். அண்டா கேட்டு யார் வந்தாலும் அம்மனுக்கு முன்னால் நிறுத்தி ஒரு வாக்குச் சொல்லவைத்துவிட்டுத்தான் கொடுப்பேன், எனக்கு முன்னால் சாவி வைத்திருந்தவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். "இதுல வேகறதைத் தேடி வந்தவங்க யாரும் பசியோட போக மாட்டாங்க." இவ்வளவுதான் வாக்கு. சொல்வது சுலபம், எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

பூங்காவனமும் அப்படித்தான் சொன்னாள்.

அவளுடைய புருஷன் சடகோபன் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், புழுவுக்கு மருந்து அடிக்கப் போனவன், முதுகில் மருந்து டப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிப் படுத்தவன், எழுந்திருக்கவில்லை. ஊர் அதை மருந்து என்று சொல்லும், அவள் அன்றிலிருந்து விஷம் என்று சொன்னாள். காரியம் முடிந்த கையோடு டப்பாவைத் தூக்கி ஓடையில் எறிந்துவிட்டு, இனி என் வரப்பைத் தாண்டி விஷம் உள்ளே வராது என்றாள். சடகோபனின் அண்ணன் ஏகாம்பரம் கெட்டவன் இல்லை. தம்பி செத்ததற்கு அவன் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் சாகுபடிக்காரன், தழை போனால் வெள்ளாமை போனது என்று நினைக்கிறவன். "தோ பாரும்மா, எந்தம்பி காத்துக்கு எதிரா நின்னு அடிச்சான், அதான் போயிட்டான். மருந்து மேல பழி போடாத. இந்த ஒரு வெள்ளாமை உன் இஷ்டத்துக்குப் பண்ணிக்க. வெள்ளாமை வூடு வந்து சேரலன்னா அடுத்த ஆனியிலிருந்து அந்தக் கொல்லையை நான் உழுவன்," என்றான். "சரி மாமா," என்றாள் அவள். சரி என்று அவள் சொன்னால் அந்தச் சொல் மேல் சுவர் எழுப்பலாம்.

ஆனியில் மழை பெய்தது, மல்லாட்டை முளைத்தது, மழையோடு அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பி வந்து முட்டையிட்டன, ஆடி பிறந்தபோது செந்நிறக் கம்பளிப்புழுக்கள் ஊர்க் கொல்லைகளில் எல்லாம் நடந்தன. ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியே வரும்போது நடுவில் வெறும் குச்சிகள் நிற்கும், அப்படித் தின்கிற ஜாதி. எல்லோரும் டப்பாவைத் தூக்கினார்கள். பூங்காவனம் ஆடுகளின் பின்னால் நடந்தாள். கூட, அவளோடு களை எடுக்கிற காலனி எல்லம்மாவும் நடந்தாள். ஆடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற இலை, ஒடித்தால் பால் வடிகிற இலை, கசக்கினால் மூக்கைப் பொத்தவைக்கிற இலை என்று வேம்பும் எருக்கும் நொச்சியும் ஆடாதொடையும் முந்தானை முந்தானையாகப் பறித்துக் குவித்தார்கள். குவித்த பிறகு பார்த்தால், வேகவைக்க அத்தனை பெரிய பாத்திரம் வீட்டில் இல்லை.

"அண்டா வேணும்ண்ணா," என்று வந்து நின்றாள்.

"இன்னா விசேஷம்?"

"மல்லாட்டைக்கு."

"எத்தினி பேருக்கு?"

"ஒரு கொல்லை நெறைய."

நான் சிரித்துக்கொண்டே வாக்கைச் சொல்லச் சொன்னேன். எருக்கம்பால் ஒட்டிய கைகளைக் கூப்பி, இதில் வேகிறதைத் தேடி வந்தவர்கள் யாரும் பசியோடு போகமாட்டார்கள் என்று அவசரமாகச் சொன்னாள். தின்ன வந்ததைப் பசியோடு திருப்பி அனுப்பத்தான் அந்தக் கசாயம் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மன் கண்ணை மூடவா செய்வாள், கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வேகவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, குடங்களில் கோமியம் கலந்து, தென்னந்துடைப்பத்தால் செடி செடியாகத் தெளித்தார்கள். புழு ஒன்றும் சாகவில்லை. அந்தக் கசாயம் கொல்லாது, வாயைக் கட்டும், அவ்வளவுதான். புழு இலையில் வாய் வைக்கும், எடுத்துவிடும், தலையைத் தூக்கிப் பக்கத்து இலையைப் பார்க்கும், அங்கே போய் வாய் வைக்கும், எடுத்துவிடும். அப்புறம் எல்லாம் சேர்ந்து தலையைத் தூக்கிப் பூங்காவனத்தைப் பார்த்தன. அவளும் பார்த்தாள். மழை பெய்து கசப்பைக் கழுவிவிட்டால் மறுநாளே மறுபடியும் தெளித்தாள்.

"புழுவுக்குக் கசாயம் வெச்சிக் குடுத்தியாமே, ஜுரம் வுட்டுச்சா?" என்று டீக்கடையில் உட்கார்ந்தபடி கேட்டான் ஏகாம்பரம்.

"ஜுரம் இன்னும் வுடல மாமா, பத்தியத்துல இருக்குது," என்று நிற்காமல் போனாள் அவள்.

அந்த வாரம்தான் தபால்காரர் பச்சையப்பனின் அப்பாவுக்குக் காரியம். புளி போட்டுத் தேய்த்த அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றினோம். சாம்பார் கொதி வந்த நேரத்தில், பூங்காவனத்தின் கொல்லையிலிருந்து புழுக்கள் செடியை விட்டு இறங்கி, வரப்பேறி, ஓடையின் பாலத்தைக் கடந்து, ரோட்டுக்கு வந்தன. ஒரு சிவப்புத் துண்டை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி வந்தன என்று சொன்னான் மாடு மேய்க்கிறவன். பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஊர்வலத்துக்குப் பர்மிஷன் வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு, கடைசிப் புழு கடக்கும்வரை விசில் கொடுக்கவில்லை. பந்தலுக்குள் வந்தவை யாருடைய இலையிலும் ஏறவில்லை, யாரையும் இடிக்கவில்லை, பாய் முடிகிற இடத்திலிருந்து வரிசையாக, ஒன்றை ஒன்று தொடாமல், உடம்பின் பின்பாதியைத் தரையில் ஊன்றித் தலையைத் தூக்கி உட்கார்ந்தன. உட்கார்ந்து காத்திருந்தன.

பந்தியில் உட்கார்ந்தவரைத் தாண்டிப் போகக் கூடாது என்பது வாளிக்காரனின் தர்மம். நான் வாளியோடு நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். நாட்டாமை கோதண்டம் வாயிலிருந்த அப்பளத்தை மென்று முடித்துவிட்டு, "உக்காந்தாச்சில்ல? உக்காந்ததை எழுப்புற வழக்கம் இந்த ஊர்ல இல்ல. இலை போடுய்யா," என்றார்.

போட்டோம். சோறு வைத்தோம், சாம்பார் விட்டோம், துளித் துளியாகத்தான். புழுக்கள் சோற்றையும் சாம்பாரையும் பொரியலையும் அப்படியே தரையில் இறக்கிவிட்டு, இலையை மட்டும் ஓரத்திலிருந்து நரம்புவரை ஒழுங்காகத் தின்றுவிட்டு எழுந்து போயின. "எஞ்சாம்பார்ல இன்னாய்யா கொறை?" என்று சமையல்காரர் அழாத குறை. அடுத்த விசேஷத்திலிருந்து அவற்றுக்கு வெறும் இலை மட்டும் என்று முடிவாயிற்று. சாப்பிட்டு எழுந்தவர்களின் எச்சில் இலையைப் போட்டால் போதாதா என்று யாரோ கேட்டதற்கு, நாட்டாமைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். வந்தவங்களுக்கு எச்சில் இலை போட்டான் நெல்லித்தாங்கலான் என்று அடுத்த ஊர்க்காரன் பேசுவான் என்றார். அதனால் தலைவாழை இலை.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகவில்லை? அண்டா அடுப்பில் ஏறினால் புழுக்கள் வரும். வந்தால் பாய் விரித்துக் கடைசிப் பந்தி அவற்றுக்கு. முதல் பந்தியில் வைக்கலாமா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது, பெண் வீட்டுக் கணக்கா மாப்பிள்ளை வீட்டுக் கணக்கா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது, புழு வராத காதுகுத்து ஒன்று நடந்து, அந்த வீட்டுக்காரர் ஊரில் தலைகாட்டாமல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். பெண்கள் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது, புழு எப்படிச் சிந்தாம சாப்புடுது பாரு என்று சொன்னார்கள். கூழ் ஊற்றுகிற அன்றைக்கு இன்னொன்று நடந்தது. காலனி ஆட்களுக்கு எப்போதும் கோயிலின் பின்பக்கம், அவரவர் கொண்டுவந்த தூக்கில் ஊற்றி அனுப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு எல்லம்மா தூக்கைக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து, பந்தலின் முன்னால் நின்று, "நாட்டாமை, புழு உக்காந்த பாயில நாங்க உக்காந்தா பாய்க்கு எதனா ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். நாட்டாமை மீசையைத் தடவினார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கீழே புழுக்கள் எல்லாம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. "உக்காரு," என்றார். அவள் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். சிலர் முகம் சுளித்து எழுந்து வீட்டுக்குப் போனார்கள், பசித்ததும் திரும்பி வந்தார்கள்.

பூங்காவனத்தின் கொல்லை பச்சைப் பசேலென்று நின்றது. ஏகாம்பரத்தின் கொல்லையில் மருந்துக்குச் செத்தது செத்து, சாகாதது இன்னும் மும்முரமாகத் தின்று, பாதி குச்சியாகிவிட்டது. ஆவணியில் அவன் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். ஒரு காலையில் ரேஷன் கடை வாசலில், மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில், எல்லோரும் கேட்கும்படி சொன்னான்:

"எங்கூட்டுக் கல்யாணத்துக்கும் வருமில்ல? வரட்டும். கடைசிப் பந்தி இலைக்கு மட்டும் மருந்தைத் தடவி வெச்சிடறன். நம்ம ஊரு புழு அத்தினியும் ஒரே எடத்துல, ஒரே வேளையில. அடுத்த வருஷம் அந்துப்பூச்சியும் இல்ல, புழுவும் இல்ல."

எல்லோரும் தங்கள் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் கொல்லை இருக்கிறது, எல்லோர் கொல்லையிலும் குச்சி நிற்கிறது. நாட்டாமைகூடக் கேனைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

"பந்தியில உக்கார வெச்சி விஷம் வெக்கிறதா மாமா?" என்றாள் பூங்காவனம்.

"புழும்மா அது."

"நான் வாக்கு குடுத்தப்போ புழு நீங்கலான்னு சொல்லலியே. வந்தவங்க யாரும் பசியோட போக மாட்டாங்கன்னுதான் சொன்னன். எங்கசாயம் பட்ட எலையைத் தேடி வந்ததுதான் பந்தியில வந்து உக்காருது."

"கல்யாணம் எம்பொண்ணோடது, இலை என்னோடது. சம்பந்தி முன்னால நீ வாயத் தொறந்தியோ, மறுநாளே டிராக்டர் உன் கொல்லையில நிக்கும். பேசாம இருந்தியோ, அந்தக் கொல்லைப் பக்கம் நான் தலவெச்சிப் படுக்க மாட்டன். யோசிச்சிக்க."

அவள் யோசிக்க நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய்கூட வாங்காமல், நேரே வேப்பமரத்தைப் பார்த்து நடந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை தன் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தாள். முற்றிய காய்க்குத் தோட்டின் உள்பக்கம் கறுத்திருக்கும். பாதி கறுத்திருந்தது, பாதி இன்னும் வெள்ளையாக இருந்தது. அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள் தழை வேண்டும். தோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விடிந்தபோது மழை. நல்ல மழை. செடிகளில் இருந்த கசப்பெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. குடங்களில் கசாயம் தயாராக இருந்தது. எல்லம்மா துடைப்பத்தோடு வந்து, "வாக்கா, இப்பவே தெளிச்சாத்தான் உண்டு. வுட்டா இன்னிக்கே மொட்டையடிச்சிடும்," என்றாள்.

"கொல்லைக்கு வேணாம்," என்றாள் பூங்காவனம். "ஒரு கொடத்தை மட்டும் தூக்கு. கல்யாணத்துக்குப் போவலாம்."

முகூர்த்தம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பந்தலிலேயே காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பந்திக்கு ஏகாம்பரமே தன் கையால் இலை போட்டான், பளபளவென்று எண்ணெய் தடவியது மாதிரி இருந்த இலைகள். நான் வாளியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புழுக்கள் வந்தன. நனைந்த மயிர் உடம்போடு ஒட்டியிருக்க, வரிசையாக உட்கார்ந்து, யாராவது சாப்பிடுங்கள் என்று சொல்லட்டும் என்பது மாதிரி தலையைத் தூக்கின.

அப்போது பூங்காவனம் இடுப்பில் குடமும் கையில் துடைப்பமுமாகப் பந்தலுக்குள் வந்தாள். வரிசையின் முதல் இலையிலிருந்து, துடைப்பத்தைக் கசாயத்தில் முக்கி, இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு, இலை இலையாகத் தெளித்துக்கொண்டே நடந்தாள். செடியைக் காப்பாற்ற என்ன செய்தாளோ அதையே, அதே வேகத்தில், அதே பதத்தில், புழுவைக் காப்பாற்றச் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பன்னீர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு கையையும் நீட்டி வாங்கி முகத்தில் தடவிக்கொண்டு, உதட்டை நக்கினார். அந்த முகம் அப்புறம் நேராக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் பந்தியில் தப்பாகப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர், "பன்னீர் வாசம் பலமா இருக்குது," என்று மட்டும் சொன்னார்.

புழுக்கள் இலையில் வாய் வைத்தன, எடுத்துவிட்டன. பக்கத்து இலையைப் பார்த்தன, அங்கேயும் எடுத்துவிட்டன. ஒன்றுகூட ஒரு துணுக்கும் கடிக்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்த பூங்காவனம் துடைப்பத்தைக் கீழே வைத்தாள், கையைக் கூப்பினாள், விருந்தாளிகளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"இது வேணாம். வாங்க, உங்களுக்கு எங்கொல்லையில போட்டிருக்கன்."

சொல்லிவிட்டு நடந்தாள். அவள் பின்னால் சிவப்புத் துண்டு நகர்ந்தது. நானும் காலி வாளியோடு போனேன், பழக்கதோஷம். மழை கழுவி வைத்திருந்த கொல்லையில், கசப்பு துளியும் இல்லாத தழையில் புழுக்கள் ஏறின. சுக்காய்க் காய்ந்த பனையோலையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம், பொழுது சாயும்வரை கேட்டது. அவளும் எல்லம்மாவும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போச்சேக்கா," என்றாள் எல்லம்மா.

"சொன்னதைச் செஞ்சன்," என்றாள் இவள். "இனிமே எது போனாலும் போவட்டும்."

பந்தலில் என்ன நடந்தது என்றால், போட்ட இலை போட்டபடி கிடந்தது. விசேஷ வீட்டு இலைக்கு மாடுகள் வந்து நிற்கும் இல்லையா, முதலில் வந்து நின்றது ஏகாம்பரத்தின் சொந்தக் கறவை, கன்றோடு. பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓடிய ஓட்டம்! மாட்டைத் துரத்தி, இலைகளை வாரி, வேறு யாரையும் தொடவிடாமல், ஓடையோரம் தானே குழிவெட்டித் தானே புதைத்தான். மாலையும் கழுத்துமாக வசந்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன்பா நீங்க புதைக்கிறீங்க என்று கேட்டாள். அவன் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை டிராக்டர் வந்தது. ஏகாம்பரம் வரப்பில் நின்று கொல்லையைப் பார்த்தான். ஒரு இலை இல்லை. வயிறு நிறைந்த புழுக்கள் வரப்போரத்து மண்ணுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டிருந்தன.

"வெள்ளாமை போச்சில்ல?" என்றான். "பேச்சு பேச்சுதான் பூங்காவனம்."

"வெள்ளாமை எங்க இருக்குதுன்னு பாத்துட்டுப் பேசுங்க மாமா."

குனிந்து ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தாள். மழை இறங்கிய மண், சுலபமாக விட்டுக்கொடுத்தது. வேரில் கொத்துக் கொத்தாக மல்லாட்டை. உதறினாள், இன்னொரு குச்சியை இழுத்தாள், இன்னொன்று. எல்லாம் முற்றவில்லை, சிலது பால்காய்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முற்றியது இருந்தது, மூட்டை கட்டி வீடு கொண்டுபோகிற அளவுக்கு இருந்தது.

"தழை அவங்களுக்குப் போட்டது. காய் மண்ணுக்குள்ள இருக்குது, அது என்னுது. டிராக்டரைத் திருப்பச் சொல்லுங்க."

ஏகாம்பரம் ஒரு காயை எடுத்து நசுக்கி, பருப்பை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றான்.

"கசக்கும்னு நெனச்சன்," என்றான்.

"கசப்பு மேல தெளிச்சது மாமா. கீழ எறங்காது."

அவன் வரப்பில் உட்கார்ந்தான். தம்பி உட்கார்ந்த அதே வரப்பு. டிராக்டர்க்காரன் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அடுத்த ஆனியில் மழை பெய்து அந்துப்பூச்சிகள் கிளம்பிய காலையில், மடப்பள்ளி வாசலில் ஒரு ஆள் நின்றான். தோளில் ஒரு மூட்டை எருக்கும் நொச்சியும். ஏகாம்பரம்.

"அண்டா," என்றான்.

"எத்தினி பேருக்கு?"

என்னை முறைத்தான். நானும் விடவில்லை, எனக்கு என்ன பயம், சாவி என் இடுப்பில்.

"ஒரு கொல்லை நெறைய," என்றான் கடைசியில்.

அம்மனுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். வாக்கைச் சொல் என்றேன். அது லேசான வாக்கு இல்லை என்று தெரிந்து சொல்லப்போகிற முதல் ஆள் அவன்தான். மூட்டையை இறக்கி வைத்தான், துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான், தொண்டையைச் செருமினான். பிறகு சொன்னான், கோயிலுக்கு வெளியே கோலம் போட்டுக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கும் கேட்கிற மாதிரி, கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறக்கிற மாதிரி, வந்தவர்கள் யாரும் பசியோடு போகமாட்டார்கள் என்று சத்தமாகச் சொன்னான்.

இவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு விஷயம். இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வசந்தாவின் மாமியார் வீட்டில் இன்றைக்கும், அந்தக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண் வீட்டுத் தூரத்துச் சொந்தம், கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் மயிர் அதிகம், ஆனால் மரியாதை தெரிந்தவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாய்மாமனுக்கு இப்போதும் பன்னீர் என்றால் ஆகாது. கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த யாரோ ஒரு ஆள் சொன்னான், முகம் ஞாபகமில்லை என்று சொல்லுங்கள். வாளி, கீளி என்று உளறிவிடாதீர்கள். வருகிற தை மாதம் அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது, எனக்குப் பத்திரிகை வந்திருக்கிறது, பாயசம் நன்றாக இருக்கும் என்று கேள்வி.